கொடியில் காய்ந்த பழுப்பு பெல்ட்

மலாய் நாட்டில், பாச்சாங் என்ற ஊரின் சர்க்கார் குவார்ட்டர்ஸ் வரிசையில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கொல்லைப்பக்கத் துணிக்கொடிகளைப் பார்த்தால் போதும். தொட்டில் துணி தொங்கினால் அது ஒரு செய்தி. கோட்டுத் தொங்கினால் ஐயா பதவி உயர்வுக்கு யாரையோ பார்க்கப் போய்வந்திருக்கிறார். விருந்தாளியின் சேலை மூன்றாவது வாரமும் தொங்கினால் அந்த வீட்டில் இனிச் சண்டை வரும். நமக்கேன் ஊர் வம்பு. ஆனால் கண் என்று ஒன்றிருந்தால் கொடியைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

அப்படிப்பட்ட கொடியில்தான், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, விஜயரட்ணத்தின் மானம் ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. நிறம் பழுப்பு. நீளம் ஒரு ஆள் இடுப்பை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுமளவு.

விஜயரட்ணம் நில அளவை ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்தார். வயது முப்பத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆள் நல்லவர், யார் வீட்டு விண்ணப்பத்தையும் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பார். ஒரே குறை, ஓரிடத்தில் இருக்கமாட்டார். உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும். கால் ஆடினால் மேசை ஆடும். மேசை ஆடினால் எதிரே இருக்கும் பெரிய கிராணி கனகரட்ணத்தின் மைப்புட்டி ஆடும். கனகரட்ணம் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். கால் நிற்கும். மூன்று வரி எழுதியதும் மறுபடி தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமையே திங்கட்கிழமைக் கடிதங்களுக்குத் தேதி போட்டு அடுக்கி வைத்துவிடுகிற அவசரம் அவருக்கு. அதை அவர் முன்னேற்பாடு என்பார்.

இந்த அவசரத்தில் அவர் தொடங்காத காரியம் இல்லை. முடித்த காரியம்தான் இல்லை. வயலின் வாங்கினார். அது இப்போது இரண்டு நரம்போடு அலுமாரி மேல் கிடக்கிறது. சுருக்கெழுத்துப் படித்தார். பாதியில் விட்டதால், தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியாமல் போனது. தேனீ வளர்த்தார், ஒரு மத்தியானம் தேனீக்களே அவரை விட்டுவிட்டுப் போய்விட்டன. கோழிக்கூடு கட்டினார். பாதிக் கூரையோடு நின்ற அதில் கோழிகள் வெயிலுக்கு ஒரு பக்கமும் மழைக்கு ஒரு பக்கமுமாகக் குடித்தனம் நடத்துகின்றன. அதனால் வரிசையில் அவருக்கு ‘அரைவாசி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் யாரும் சொல்வதில்லை.

காரணம் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. எதையும் தொடங்கிய அன்றே அவர் வரிசை முழுக்கச் சொல்லிவிடுவார். எல்லாரும் பாராட்டிவிடுவார்கள். பந்தியில் உட்காருமுன்பே பாயசம் குடித்தவனுக்கு அப்புறம் சோறு எப்படி இறங்கும்?

ஆனால் கராத்தே மட்டும் எப்படியோ இரண்டு வருஷம் நிலைத்துவிட்டது. அதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம், முக்கியமாக அவருக்கு.

சொல்லிக் கொடுத்தவர் சார்ஜன்ட் கோல்மன். நியூசிலாந்துக்காரர், மஸ்ஜித் தானா பக்கத்து இராணுவ முகாமில் இருப்பவர், விஜயரட்ணத்தைவிட நாலைந்து வயது இளையவர். கொரியச் சண்டைக்குப் போன காலத்தில், லீவுக்கு ஜப்பானில் இறங்கிய மற்றச் சோல்ஜர்கள் எல்லாம் பீர்க்கடைக்குப் போனபோது இவர் கராத்தே பள்ளிக்கூடத்துக்குப் போனாராம். பீர்க்கடைக்கும் போயிருப்பார், அதை அவர் சொல்லவில்லை. வகுப்பு நடந்தது செங் என்ற ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பழைய ஸ்டோரில். ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த இடமாதலால் சுவரெல்லாம் புகை வாசனை. தோட்டத்தைச் சுற்றி, காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அவசரகாலத்தில் போட்ட முள்கம்பி வேலி அப்படியே இருந்தது. கேட்டுக்குக் காவல்தான் இல்லை. ஒரு செங்கல் முட்டுக் கொடுத்து அதைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

நாலு பேர் ஒரே மாதிரி உடுத்தி வரிசையாக நின்று கையைக் காலை வீசினால் போலீஸ் வந்து விசாரிக்கிற காலம் அது. அனுமதி வாங்கித்தான் வகுப்பு நடந்தது. அப்படியும் சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ்காரர் வந்து வாசலில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நாள் கழித்து அவரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் நின்றுவிட்டார். கனகரட்ணத்துக்குத்தான் இது ஒன்றும் பிடிக்கவில்லை. ஜப்பான்காரன் ஆண்டபோது சந்தியில் வைத்து அவர் கன்னத்தில் வாங்கிய அறையை இன்னும் மறக்கவில்லை. காசு கொடுத்து அந்த நாட்டு அடியை எவனாவது படிப்பானா என்று ஆபீசில் எல்லார் முன்பும் கேட்டார்.

விஜயரட்ணம் படித்தார். கோதுமை மாவுச் சாக்குத் துணியில் மனைவி சந்திராதேவி தைத்துக் கொடுத்த உடுப்போடு, வாரத்தில் மூன்று மாலை சைக்கிளில் செங்குக்குப் போனார். சார்ஜன்டின் வகுப்பில் பெல்ட்டுக்கு மூன்றே நிறம். வெள்ளை, பழுப்பு, கறுப்பு. கறுப்பு சார்ஜன்டினுடையது. மற்ற எல்லாரும் வெள்ளை. பழுப்பு இதுவரை யாருக்கும் இல்லை. ஆளுக்கு ஒரே பெல்ட்தான். தேறியவர் தன் வெள்ளைப் பெல்ட்டைத் தானே சாயத்தில் முக்கிப் பழுப்பாக்கிக்கொள்ள வேண்டும். சார்ஜன்ட் படித்த இடத்து வழக்கமாம்.

பெல்ட் விஷயத்தில் மட்டும் அவர் கெடுபிடி. ஒருநாள் சீனப் பையன் ஒருவன், சுவரில் ஆணியில் தொங்கிய சார்ஜன்டின் கறுப்புப் பெல்ட்டை எடுத்து விளையாட்டாகத் தன் இடுப்பில் கட்டிப் பார்த்தான். சார்ஜன்ட் சத்தம் போடவில்லை. அவனுடைய சப்பாத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். அவன் திரும்பி வரவேயில்லை.

பழுப்பு என்றால் என்ன என்று யாரோ கேட்டதற்கு, நான் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே போனாலும் வகுப்பு நடக்கும் என்று எவனைப் பார்த்தால் தோன்றுகிறதோ அவன்தான் பழுப்பு என்றார். விஜயரட்ணத்துக்கு அந்தத் தத்துவமெல்லாம் ஏறவில்லை. ஏறியது வேறொன்று. பழுப்பு பெல்ட்காரன் முன் வரிசையில் நிற்பான். ஊர் பார்க்கும். அன்றோடு அந்த ‘அரைவாசி’ ஒழியும்.

இதற்கு நேரமும் வந்தது. பன்னிரண்டு வருஷமாக இழுத்த அவசரகாலம் ஜூலையோடு முடிகிறது என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். ஆகஸ்டு பிறக்கிற திங்கட்கிழமை காலை திடலில் பேண்டு வாத்தியம், விளையாட்டு, கூடவே சார்ஜன்டின் மாணவர்களுடைய கராத்தே காட்சி. அடுத்த மாதம் சார்ஜன்டின் பட்டாளம் கப்பல் ஏறுகிறது. அதனால் பழுப்புக்கான தேர்வு ஒரே ஒரு தடவைதான், திடல் காட்சிக்கு முந்திய சனிக்கிழமை மாலை. தேர்வுக்கு இரண்டு பேரை நிறுத்துவதாகச் சார்ஜன்ட் சொன்னார். ஒருவர் மஸ்ஜித் தானாவிலிருந்து வரும் மலாய் வாத்தியார். மற்றவர் விஜயரட்ணம். இதில் தவறினால் மறுபடி கேட்க ஆளில்லை. வயலினுக்கும் தேனீக்கும் பக்கத்தில் கராத்தேயும் போய்க் குந்திக்கொள்ளும்.

அன்றிலிருந்து கிராணியின் வலது கால் சாப்பிடும்போதும் ஆடியது. தேர்வு சனி மாலை. காட்சி திங்கள் காலை. இடையில் ஒரே ஒரு ஞாயிறு. அந்த ஞாயிறு மழை பெய்தால்? சாயம் எப்போது போடுவது, எப்போது காய்வது? ஈரப் பெல்ட்டோடு திடலில் நின்றால் மாவுச் சாக்கு உடுப்பெல்லாம் சாயம் இறங்குமே! வெள்ளிக்கிழமையே திங்களின் தேதியைப் போடுகிற மூளை வேறு எப்படி வேலை செய்யும்? முன்கூட்டியே சாயத்தைப் போட்டு, காயவைத்து, பெட்டிக்குள் மடித்து வைத்துவிட்டால் சனிக்கிழமை தேறியதும் எடுத்துக் கட்டவேண்டியதுதானே?

சனிக்கிழமைத் தேர்வுக்கு எதைக் கட்டிக்கொண்டு போவது என்ற கேள்வி அந்த மூளைக்கு வரவில்லை. இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் முன்னேற்பாட்டுக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான். நாளை மறுநாளைப் பார்த்துக்கொண்டு நாளை என்கிற குழியில் விழுவார்கள்.

சாயத்துக்கு வழி சொன்னவன் மரியசூசை. அவனும் வகுப்பில் படிப்பவன்தான். ஐஸ் லோரி ஓட்டுகிறவன். மீன்பிடிக் கரைகளுக்கு ஐஸ் இறக்கிவிட்டு நேரம் கிடைத்தால் வகுப்புக்கு வருவான், கிடைக்காவிட்டால் இல்லை. அதனால் அவனைத் தேர்வுக்கு நிறுத்தவில்லை. அவனுக்கும் அதில் கவலையில்லை. கரையில் செம்படவர்கள் வலைக்குச் சாயம் போடுகிற பாக்காவ் என்ற அலையாத்தி மரப்பட்டையை ஒரு கட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

“சார், இந்தப் பட்டையில முக்குன வல கடல்லயே கெடந்தாலும் வெளுக்காது லா. ஒங்க பேரன் கட்டுனாலும் இதே கலர்தான்,” என்றான்.

அந்த உத்தரவாதத்தைக் கேட்டு விஜயரட்ணம் மிகவும் மகிழ்ந்தார். பாவம்.

தேர்வுக்கு முந்திய வாரத்துத் திங்கள் மாலை, கொல்லையில் அடுப்பு மூட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் பட்டையை அவித்து, பெல்ட்டை முக்கினார். சந்திராதேவி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒருமுறை மட்டும், இதைக் கொஞ்சம் பொறுத்துச் செய்யக்கூடாதா என்று கேட்டாள். மழை வரும் என்றார். மறுநாள் காலை அவர் ஆபீசுக்குப் போனபின், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்று அவள் அதை எடுத்துக் கொடியில் போட்டாள். வேறு எங்கே போடுவாள்?

அடுத்த வீட்டுப் பாலாம்பிகை முருங்கைக் கீரை உருவ வந்தாள்.

பாலாம்பிகையைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால், அவளுக்குத் தெரிந்தது பாச்சாங்குக்குத் தெரிந்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டு அவள் கிளம்பிய வேகத்தில், மத்தியானச் சோற்றுக்கு முன்பே வரிசைக் கடைசி வீடு வரைக்கும் விஷயம் போய்விட்டது. அரைவாசி தேறிவிட்டான். மண்ணிறப் பெல்ட் எடுத்துவிட்டான். யாருக்கும் சொல்லாமல், எவ்வளவு அடக்கமாக! சாயங்காலம் விஜயரட்ணம் சைக்கிளை விட்டு இறங்குமுன்பே வேலியோரம் காத்திருந்தாள்.

“கள்ளன்! எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் எடுத்திட்டீரே தம்பி,” என்றாள். “கொடியிலை பாத்த உடனை எனக்குக் கண் கலங்கிப்போச்சு.”

இல்லை அக்கா, இன்னும் இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவர்களுக்குப் பின்னால், இரண்டு வருஷமாக இவரோடு பேசாத ஓவர்சியர். எல்லார் முகத்திலும் அவர் இதுவரை கண்டிராத ஒன்று இருந்தது. கேலி இல்லாமை. திறந்த வாய் திறந்தபடியே சிரிப்பாக மாறிவிட்டது.

முதல் நாள் அவரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் நாள் அவர் சொல்ல விரும்பவில்லை. மூன்றாம் நாள் சொன்னால் வெட்கக்கேடு. பொய் வளர்கிற விதம் இதுதான். அதற்கு நாம் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியதில்லை.

ஆபீசில் கனகரட்ணம் எழுந்து நின்று பேசினார். ஜப்பான்காரனுடைய வித்தை என்றாலும் எங்கள் ஆள் ஒருவன் அதை இறுதிவரை நின்று கற்றிருக்கிறான், இது நம்மவர்க்குப் பெருமை என்றார். தேநீரும் கேக்கும் வந்தன. விஜயரட்ணம் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அன்று அவருடைய கால் ஆடியபோது கனகரட்ணம் தானே மைப்புட்டியைக் கையால் பிடித்துக்கொண்டார். அதுதான் விஜயரட்ணத்தை அதிகம் குத்தியது. வீட்டில் வாழ்த்த வந்தவர்களுக்காகச் சந்திராதேவி கேசரி கிண்டினாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்தார். அது தொண்டையில் நின்றது.

எல்லாரும் போனபின் அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“சனிக்கிழமை சோதினைக்கு எதைக் கட்டிக்கொண்டு போகப் போறியள்?”

அப்போதுதான், ஆம், அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கொல்லைக்கு ஓடினார். பெல்ட்டைச் சவர்க்கார நுரையில் ஊறப்போட்டார். சோடா போட்டு அவித்தார். எலுமிச்சம்பழம் பிழிந்து வெயிலில் வைத்தார். மரியசூசை சொன்னது சத்தியம். பழுப்பு ஒரு நூலளவும் அசையவில்லை. துவைக்கத் துவைக்க அழகாகத்தான் ஆனது. வகுப்பில் யாரிடமாவது இரவல் கேட்கலாமென்றால் ஆளுக்கு ஒன்றே ஒன்று. மரியசூசையிடம் கேட்டார். அவன் நிலைமையைக் கேட்டுவிட்டு லோரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பின்னாலிருந்த ஐஸ் கட்டிகளே கொஞ்சம் உருகியிருக்கும். சார்ஜன்டிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் சார் என்றான். சொல்லலாம். ஆனால் விஜயரட்ணத்தின் கண்ணில் அந்தச் சீனப் பையனின் சப்பாத்து வந்து நின்றது. கறுப்பை விளையாட்டுக்குக் கட்டியவனுக்கே அந்தக் கதி. தேறுமுன்பே பழுப்புச் சாயம் போட்டு, ஊரைக் கூட்டிக் கேசரி கொடுத்தவனுக்கு?

பாராட்டு ஒருபக்கம் துரத்தியது, பயம் ஒருபக்கம் துரத்தியது. அந்தத் துரத்தலில் ஒரு நன்மையும் நடந்தது. மனுஷன் பயிற்சி செய்தார். ‘கட்டா’ என்று ஒன்று உண்டு. எதிரே ஆளில்லாமலே, நாலு பக்கமும் எதிரிகள் வருவதாக வைத்துக்கொண்டு, தடுத்து, குத்தி, திரும்பி, உதைத்து, ஓர் அடி பிசகாமல் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் போயிற்று. ஆபீசுக்குப் போகுமுன் கோழிக்கூட்டுப் பக்கம் அதைச் செய்தார். வந்தபின் செய்தார். பாதிக் கூரையின் கீழிருந்து கோழிகள் பார்த்தன. எத்தனையோ காரியத்தை அவர் தொடங்கியதைப் பார்த்த கோழிகள்.

வியாழக்கிழமை மாலை, சந்திராதேவி கோவிலுக்குப் போயிருந்தபோது, பெட்டியைத் திறந்து பழுப்பு பெல்ட்டை வெளியே எடுத்தார். நிலைக்கண்ணாடி முன் நின்றார். இடுப்பில் வைத்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. இரண்டு முனையும் கையில். ஊரே கட்டிவிட்ட பெல்ட்டுத்தானே இது, ஒரு தடவை கட்டிப் பார்த்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கண்ணாடியில் நின்ற ஆள் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவனுடைய வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. விஜயரட்ணம் கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு முடிச்சுப் போடாமலே இரண்டு சுற்றையும் அவிழ்த்து, மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திராது.

வெள்ளைப் பெல்ட்டுக்கு வழி செய்தவள் சந்திராதேவிதான். அவருடைய பழைய ஆபீஸ் காற்சட்டை ஒன்று, நல்ல தடித்த வெள்ளை ட்ரில் துணி. அதைக் கிழித்து, மடித்து, மெஷினில் வரிவரியாகத் தைத்தாள். ஒரு இடத்தில் பொத்தான் ஓட்டை தெரிந்தது. அது உள்பக்கம் போகிற மாதிரிக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் வெள்ளைத் துணி எதுவும் நீலமும் கஞ்சியும் போடாமல் வாசல் தாண்டியதில்லை. இதுவும் தாண்டவில்லை. சோற்றுக் கஞ்சி போட்டு, காயவைத்து, தண்ணீர் தெளித்து, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்தாள். பெல்ட் நட்டுவைத்தால் நிற்கும் போலிருந்தது.

சனிக்கிழமை மாலை. ஸ்டோரில் இரண்டு பக்கமும் மாணவர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மலாய் வாத்தியார் முதலில் போனார். அமைதியாக, பிசகில்லாமல், பாடம் நடத்துகிறவர் போலவே செய்து முடித்தார். அடுத்து விஜயரட்ணம் நடுவில் வந்து நின்றார். சார்ஜன்ட் அவர் இடுப்பைப் பார்த்தார். கண் ஒரு கணம் அந்தப் பளீர் வெள்ளையில் நின்றது. தொடங்கு என்பதுபோலத் தலையசைத்தார்.

முதல் அடியிலேயே பெல்ட் சத்தம் போட்டது. அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு நொறுங்கல். சுவரோரம் யாரோ மூக்கால் சிரித்தார்கள், மரியசூசையாகத்தான் இருக்கும். கஞ்சி போட்ட துணியில் முடிச்சு இறுகுமா? அவர் இடப்பக்கம் தடுத்தபோது முடிச்சு நெகிழ்ந்தது. வலப்பக்கம் குத்தியபோது ஒரு முனை மேலே கிளம்பிக்கொண்டது. முன்னால் உதைத்தபோது பெல்ட் அப்படியே கழன்று, இடுப்பின் வளைவு கலையாமல், ஒரு பெரிய வளையல்போலக் காலடியில் விழுந்தது.

உடுப்பு முன்னால் திறந்துகொண்டது. இப்போது வகுப்பே சிரித்தது. விஜயரட்ணத்தின் உடம்பு முழுக்க ஒரே ஒரு ஆசைதான். நிற்க வேண்டும். குனிந்து அதை எடுக்க வேண்டும். ஒரு சமாதானம் சொல்ல வேண்டும். நரம்பு அறுந்துவிட்டது, தேனீ போய்விட்டது, மரப்பலகை தீர்ந்துவிட்டது என்று சொன்னதுபோல ஒன்று. சமாதானம் நாக்கின் நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் கால் அடுத்த அடியை வைத்துவிட்டிருந்தது. இத்தனை வருஷமாக மேசைக்கடியில் வேலையில்லாமல் ஆடிய அதே வலது கால். அது வைத்த அடிக்குப் பின்னால் கை போயிற்று. கைக்குப் பின்னால் அவரும் போனார். பெல்ட்டைத் தாண்டித் திரும்பினார். மறுபடி தாண்டித் திரும்பினார். சிரிப்பு எங்கே நின்றது என்று அவருக்குத் தெரியாது. கடைசிக் குத்தோடு எழுப்பிய சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவர் நின்ற இடம் தொடங்கிய இடம். காலுக்கு நடுவே பெல்ட் கிடந்தது.

சார்ஜன்ட் நடந்து வந்து குனிந்து அதை எடுத்தார். விரலால் தடவிப் பார்த்தார். பொத்தான் ஓட்டையைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒரு கண்ணை வைத்து விஜயரட்ணத்தைப் பார்த்தார். உன் பெல்ட் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டார்.

விஜயரட்ணம் சொன்னார். ஒன்றும் ஒளிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை, பாக்காவ் பட்டை, துணிக்கொடி, பாலாம்பிகை, கேக், கேசரி, எல்லாம் சர்க்கார் இங்கிலீஷில் வரிசைக்கிரமமாக வந்தன. கேட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர் வாக்குமூலம் எடுக்கிற முகத்தோடு தலையாட்டினார். முடிந்ததும் சார்ஜன்ட் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கட்டினாயா?”

“இல்லை. இடுப்பில் வைத்துப் பார்த்தேன். கட்டவில்லை.”

விஜயரட்ணத்தின் கண் வாசலுக்கு, சப்பாத்துகள் கிடந்த பக்கம் போயிற்று. சார்ஜன்ட் அங்கே போகவில்லை. தான் பழுப்பு எடுத்தபோது தன் பெல்ட்டைத் தேயிலைச் சாயத்தில் முக்கியதாகவும், அது தெருநாய் நிறத்தில் வந்ததாகவும் சொன்னார். பிறகு, திங்கட்கிழமை இரண்டு பேரும் முன் வரிசை, முடிச்சை ஒழுங்காகப் போடு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். அதுதான் பழுப்பு.

மரியசூசை வந்து தோளில் தட்டினான். “என்னா சார், இனிமே நீங்கதான் வாத்தியார் லா. நான் லேட்டா வந்தா அடிக்கக் கூடாது,” என்றான்.

செங்கிலிருந்து பாச்சாங் வரைக்கும் சைக்கிள் தரையில் ஓடவில்லை. யாரிடம் முதலில் சொல்வது? பாலாம்பிகையிடம் சொன்னால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. அவள் வாசலில் நின்றாள். இவர் மணியடித்துக்கொண்டே வந்து நிறுத்தினார்.

“அக்கா, இண்டைக்கு…” என்று தொடங்கினார்.

“என்ன தம்பி, மழைக்குள்ளை இன்னும் வகுப்புக்குப் போய் வாறீரோ?” என்றாள் அவள். “நீர்தான் எடுத்து முடிச்சிட்டீரே. போய்த் தலையைத் துடையும்.”

சொல்ல வந்தது வாய்வரை வந்து நின்றது. சொன்னால், போன வாரம் எடுத்தது பொய் என்று ஆகும். எதிர்வீட்டுக்காரர் கைகாட்டிவிட்டு உள்ளே போனார். ஓவர்சியர் சிரித்தார், பழைய சிரிப்பு, பழைய செய்திக்கு. வரிசை நெடுக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வீட்டில் ஒரு வீட்டில்கூட இந்தச் செய்திக்கு இடமில்லை. பாராட்டெல்லாம் கேசரியோடு தீர்ந்து போயிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அவரிடம் முடிந்த காரியம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார். உட்கார முடியவில்லை. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடந்தார். சந்திராதேவி சமையல்கட்டிலிருந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கிடைச்சுதோ?”

“ஓம்.”

அவள் உள்ளே போனாள். ரவையை வறுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் செய்த காரியத்தை இந்த வரிசையில் யாரும் செய்ததில்லை. சமையல்கட்டு ஜன்னல் இரண்டையும் சாத்தினாள், நெய் வாசனை வெளியே போய்விட்டால் என்ன விசேஷம் என்று கேட்பார்களே. வேர்த்து வழிய, சாத்திய கதவுக்குள், இரண்டு பேரும் கேசரியைச் சாப்பிட்டார்கள். இந்தத் தடவை தொண்டையில் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

திங்கட்கிழமை திடலில் விஜயரட்ணமும் மலாய் வாத்தியாரும் முன் வரிசையில் நின்றார்கள். பேண்டு வாத்தியம் முழங்கியது. கனகரட்ணம் எழுந்து நின்று கைதட்டினார். பாலாம்பிகை சந்திராதேவியின் காதில், சாயம் மங்கித்தான் போயிற்று, வெயிலில் போட்டிருக்கக் கூடாது என்றாள். விஜயரட்ணம் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த அடி எது என்பதில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் கோழிக்கூட்டுப் பக்கம் குனிந்து எதையோ அளந்துகொண்டிருந்தார். கொடியில் கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பெல்ட் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் சார்ஜன்ட் போய்விட்டால் கறுப்புக்கு வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும். வகுப்பை இனி வாத்தியாரும் இவரும்தான் நடத்த வேண்டும். புதிதாக வருகிறவனுக்குக் கொடுக்கட்டும் என்று சந்திராதேவிதான் அதைத் துவைத்துப் போட்டிருந்தாள்.

பாலாம்பிகை முருங்கைக் கீரைக்கு வந்தாள். கொடியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பழுப்பு எங்கே? இது என்ன புத்தம் புதிதாய் ஒரு வெள்ளை? அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷன் கராத்தேயைக் கட்டிவைத்துவிட்டு இன்னொன்றை ஆரம்பித்துவிட்டான். பாதியில் விடுகிற புத்தி எங்கே போகும்?

“என்ன தம்பி, திரும்பவும் புதுசா ஏதோ தொடங்கியாச்சுப் போல?” என்று வேலிக்கு மேலால் கேட்டாள்.

விஜயரட்ணம் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஓம் அக்கா,” என்றார்.

கீரையைப் போட்டுவிட்டு அவள் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அவர் ஏணியைச் சாத்தி, கூரையின் மிச்சப் பாதிக்குத் தகரத்தைத் தூக்கி வைத்தார். கோழிகள் சந்தேகத்தோடு வெளியே வந்து நின்று பார்த்தன.